பெயருக்கு முன்னால் இருந்த சின்னம்

மார்ச் 3

இன்றும் நெட்டையர் மரத்தை மடித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் நெட்டை. நான் ‘அர்’ சேர்த்து எழுதுகிறேன். பட்டப்பெயராக இருந்தாலும் மரியாதை மரியாதைதான்.

மரம் என்பது திரையின் இடப்பக்கத்தில் நிற்கும் பட்டியல். மகளின் சிறிய நிறுவனம், லிஃப்ட் எப்படி ஓட வேண்டும் என்பதற்கான மாதிரியைக் கணினியில் கட்டித்தருகிறது. மாதிரியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இந்த மரத்தில் ஓர் இடம் உண்டு. ‘லிஃப்ட்’ பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் ‘கதவு’, ‘மோட்டார்’, ‘பிரேக்’ என்று விரியும். ‘கதவு’ என்பதை அழுத்தினால் அதற்குள் இன்னும் பல. வலப்பக்கத்தில் படங்கள். நான் சேர்ந்த அன்றே நெட்டையர் சொன்னார்: “படத்துல அழிச்சா அந்தப் படத்துல மட்டும்தான் போகும், மேடம். ட்ரீல அழிச்சா மொத்தமா போயிடும், எல்லாப் படத்துலயும்.” எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

தொழிற்சாலையில் பணிக்காலம் முழுவதும் வரைபடம் சரிபார்த்தவள் நான். இங்கே சரிபார்ப்பவர் விலகியதும் மகள் என்னைத்தான் கூப்பிட்டாள். கான்வென்ட் விடுதியில் சிஸ்டர் துணி அலமாரியைச் சோதிக்கும்போது ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துப் பார்ப்பார். நானும் அப்படித்தான். மரம் முழுவதையும் விரித்துவைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன்.

“எல்லாத்தையும் விரிச்சு வச்சா தலையும் புரியாது காலும் புரியாதும்மா” என்றாள் மகள்.

“மடிச்சு வச்சா அழுக்கு தெரியாது” என்றேன். அலுவலகத்தில் அம்மா என்று கூப்பிடாதே என்றும் சொன்னேன். இரவு வீட்டில், “ரசத்துக்கு உப்பு போதுமா, மேடம்?” என்று கேட்கிறாள். கொழுப்பு.

மார்ச் 5

கண் எரிகிறது. திரையில் எழுத்தை இன்னும் பெரிதாக்கிக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் 6

மகள் மறுபடியும் கண் மருத்துவரிடம் போகலாம் என்று ஆரம்பித்தாள். வாரப் பத்திரிகையை எடுத்து நாலு வரி படித்துக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டாள். அது தலையங்கம், கொட்டை எழுத்து. அதை அவளிடம் சொல்வானேன்.

மார்ச் 10

நல்ல வேலை நடந்த நாள். மரத்தின் அடியில் ‘தற்காலிகம்’ என்று ஒரு கோப்புறை. மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத மூலை. பாதி வரைந்தவை, பெயரில்லாதவை, ஒன்றுக்கு இரண்டாக நிற்பவை. நெட்டையரின் கைவண்ணம். காலையிலிருந்து உட்கார்ந்து களையெடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் மேலே போய், அதே பெயர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கீழே உள்ளதை நீக்கினேன். ‘நிச்சயமாக நீக்கலாமா’ என்று ஒவ்வொரு முறையும் ஓர் எச்சரிக்கை. ஆம், ஆம், ஆம். இந்த மென்பொருளுக்கு என்மேல் என்ன சந்தேகமோ.

இப்போது ‘தற்காலிகம்’ காலி. வெள்ளை வெளேரென்று.

மார்ச் 13



மதியம் சோதனை ஓட்டம். மாதிரியைத் திரையிலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். மூன்றாவது மாடியில் கதவு திறந்திருக்கிறது. கதவு பூட்டாமல் லிஃப்ட் நகரவே கூடாது. நகர்ந்தது. திறந்த கதவோடு மேலே போயிற்று, ஒன்றுமே நடக்காதது போல.

மகள் முகத்தில் ஈயாடவில்லை. படங்களைத் திறந்து பார்த்தார்கள். கதவுப் பூட்டு இருக்க வேண்டிய இடம் எல்லாப் படத்திலும் வெறுமையாக இருந்தது.

“நான் போட்டேன், மேடம். நல்லா ஞாபகம் இருக்கு” என்றார் நெட்டையர்.

“போட்டிருந்தா எங்க போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?”

நான்தான் சொன்னேன். எல்லோர் முன்னாலும். இரண்டு பேர் சிரித்தார்கள். நெட்டையர் சிரிக்கவில்லை, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். காப்பாக எடுத்துவைத்த பழைய பிரதியும் சேர்ந்தே மாறிவிட்டதாம். பூட்டை அடியிலிருந்து மறுபடியும் கட்ட வேண்டும். லிஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் இருபதாம் தேதி வருகிறார்.

மார்ச் 14

காப்பி குடிக்கும்போது மகள் சொன்னாள்: “இது மூணாவது தப்பும்மா. ஆய்வு முடியட்டும், அவரை அனுப்பிடுறேன். அவருக்கும் சின்னப் பசங்க இருக்கு. ஆனா நான் என்ன பண்றது? நிஜ லிஃப்ட்டா இருந்தா யாராவது விழுந்திருப்பாங்க.”

நியாயம்தானே என்றேன். நியாயம்தான்.

பிறகு ஏன் காப்பி இறங்கவில்லை?

மார்ச் 16

ஞாயிற்றுக்கிழமை. ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. மகளிடம் சாவி வாங்கிக்கொண்டு தனியாக அலுவலகம் போனேன். மரத்தை விரித்தேன். லிஃப்ட், அதன் கீழ் கதவு, அதன் கீழ் ‘கதவுப் பூட்டு’. இதோ இருக்கிறதே. பத்தாம் தேதி நான் பார்த்தது இதைத்தான். மேலே இது இருந்ததால்தான் கீழே ‘தற்காலிகம்’ உறையில் இருந்த பூட்டை நீக்கினேன். இது இருக்கும்போது படங்களில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

விரிக்கப் பார்த்தேன். கூட்டல் குறி இல்லை.

பூட்டுக்குள் எத்தனை இருக்கும் — தாழ், உணரி, விளக்கு. விரியாத பூட்டு உண்டா?

மரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சின்னம் உண்டு. பொருள் என்றால் நிறைந்த பெட்டி. வெறும் படம் என்றால் உள்ளே கோடு போட்ட சட்டகம். நான் பெரிதாக்கியது எழுத்தை. எழுத்துதான் பெரிதாகும், சின்னம் அப்படியேதான் இருக்கும். எனக்கு எல்லாம் ஒரே சாம்பல் பொட்டு. இத்தனை நாளாக நான் பெயரை மட்டும் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாசல் மேசையில் தபால் பிரிப்பதற்கு வைத்திருக்கும் உருப்பெருக்கியை எடுத்துவந்து திரையில் வைத்துப் பார்த்தேன். சட்டகம். இது பூட்டு இல்லை. பூட்டைக் காட்டும் படம், அவ்வளவுதான். நெட்டையர் பூட்டை ‘தற்காலிகம்’ உறையில் வைத்துக் கட்டிவிட்டு மேலே நகர்த்த மறந்திருக்கிறார். அது சோம்பல்தான். ஆனால் பூட்டு அங்கே இருந்தது. இருந்த வரைக்கும் வேலை செய்தது. அதை எடுத்தது யாரு. நான்தானே. வேற யாரு அந்த மூலைக்குப் போனா. ஆம் ஆம் ஆம்னு தட்டினது இந்த விரல்தானே.

என் வீட்டுக்காரர், உயிரோடு இருந்த கடைசி இரண்டு வருடம், என் மருந்துச் சீட்டுகளை உரக்கப் படிப்பார். எனக்குப் படிக்கத் தெரியாதா என்று எரிந்து விழுவேன். “சும்மா, எனக்குப் பொழுது போகல” என்பார். பொழுது போகாமல் இல்லை.

மார்ச் 17

சொல்லவில்லை.

நாங்கள் எல்லோரும் ஒரே பெயரில்தான் உள்ளே நுழைகிறோம். யார் எதை நீக்கியது என்று அதில் பதிவாகாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இதை ஏன் எழுதுகிறேன்?

மார்ச் 18

நெட்டையர் பூட்டை மறுபடியும் கட்டி முடித்துவிட்டார். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. என் மேசைக்கு வந்து நின்றார்.

“மேடம், நீங்க ஒரு தடவ பாத்துட்டா எனக்கு நிம்மதி. உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது.”

கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி என்று உட்கார்ந்தேன். மரத்தை விரித்தேன். பெயர்கள், பெயர்கள், முன்னால் பொட்டுகள். சரிபார்த்தாயிற்று என்று ஒரு கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். அவ்வளவுதான். நான் போட்ட டிக்கை நம்பித்தான் ஆய்வாளர் பார்ப்பார். அதன் பிறகு அது நிஜக் கட்டிடத்தில், நிஜக் கதவில்.

போட முடியவில்லை.

“பக்கத்துல உக்காருங்க. பேரை நான் படிக்கறேன். முன்னால என்ன சின்னம்னு நீங்க சொல்லுங்க.”

“ஏன் மேடம்?”

“சொல்லுங்க.”

நான் ‘கதவு’ என்றேன். அவர் ‘பெட்டி’ என்றார். ‘கதவுப் பூட்டு.’ ‘பெட்டி.’ ‘தாழ்.’ ‘பெட்டி.’ ‘உணரி.’ ‘பெட்டி.’ ‘விளக்கு.’ ‘பெட்டி.’ அதற்கு அடுத்தது, மறுபடியும் ‘கதவுப் பூட்டு.’

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை; என் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மேசையில் கிடந்த உருப்பெருக்கியை.

“அது படம், மேடம்” என்றார், மிக மெதுவாக. “அடுத்தது சொல்லுங்க.”

கடைசிக் கிளை வரைக்கும் போனோம். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எழுந்து போகும்போது, “கண்ணுக்கு ரெஸ்ட் குடுங்க” என்று மட்டும் சொன்னார்.

அவர் மகளிடம் சொல்லமாட்டார். எனக்குத் தெரியும்.

மார்ச் 20

ஆய்வாளர் வந்தார். தொப்பை, இனிமையான குரல், ஓர் இடம் விடாத பார்வை. சோதனை ஓட்டம். மூன்றாவது மாடி, திறந்த கதவு. லிஃப்ட் நகரவில்லை. எத்தனை முறை அழுத்தியும் நகரவில்லை.

பிறகு கேட்டார்: “போன வாரம் இது ஏன் தவறிச்சு? காரணம் எழுதணும்.”

மகள், “எங்க ஊழியர் ஒருத்தரோட கவனக்குறைவு, சார்” என்று ஆரம்பித்தாள். நெட்டையர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். முழங்கால் வலித்தது. கான்வென்ட்டில் தப்பு செய்தவள் எழுந்து நின்றுதான் பேச வேண்டும்; உட்கார்ந்துகொண்டு சொன்னால் கணக்கில் சேராது.

இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 21

காலையில் மகள் எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். சாப்பாடு மட்டும் மேசையில் இருந்தது. சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அவரைத் துரத்தியிருப்பேன்மா. நீ பாத்துக்கிட்டு இருந்திருப்ப.”

“ஆமாம்” என்றேன்.

போர்வையை மடித்துக்கொண்டே, “திங்கக்கிழமை பத்தரைக்கு டாக்டர். நான் கூட வரேன்” என்றாள்.

வரட்டும் என்றேன். பத்திரிகையை எடுக்கவில்லை.

ஏப்ரல் 17

கண்புரை அறுவை முடிந்து இடது கண்ணில் கட்டு அவிழ்த்துப் பல நாள் ஆயிற்று. வலது கண்ணுக்கு மே மாதம் தேதி. இன்று அலுவலகத்தில் அரை நாள் வேலை செய்ய அனுமதி. சுவர் இவ்வளவு அழுக்கு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நெட்டையர் தன் இடத்திலேயே உட்கார்ந்து பெரிய தம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆய்வு அன்று நான் கேட்ட மன்னிப்பைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. “ட்ரீய உங்களுக்காக விரிச்சே வச்சிருக்கேன்” என்றார். உண்மைதான். கடைசிக் கிளை வரை விரிந்து கிடந்தது. ‘கதவுப் பூட்டு’க்கு முன்னால் பெட்டி; அதன் ஓரம்கூடத் தெரிகிறது. அதன் கிளைகளுக்குக் கீழே ‘கதவுப் பூட்டு – படம்’ என்று பெயரை மாற்றியிருக்கிறார். முன்னால் சட்டகம்.

மரத்தின் அடியில் ‘தற்காலிகம்’ உறை இன்னும் காலியாகக் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. நீக்கலாம் என்று அழுத்தினேன். எச்சரிக்கை வந்தது. படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.

“ஒரு நிமிஷம் வந்து இதைப் பாக்கறீங்களா?” என்று கூப்பிட்டேன்.