பள்ளக்காட்டுக்குத் தடம் இல்லை

அக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்து தூறல். பட்டா ஜெராக்ஸ் எடுக்கக் கிணத்துக்கடவு. கடையில் கரண்ட் இல்லை. ஒரு மணி நேரம் வீண்.

ஜெராக்ஸ் தோட்டத்துக்காரருக்கு. அம்மா அவர் தென்னந்தோப்பில்தான் மட்டை பொறுக்குகிறாள். தோப்பைச் சைட் போட்டு விற்கப் போகிறாராம். ரோட்டிலிருந்து அங்கே தடம் விட வேண்டுமென்றால் எங்கள் பள்ளக்காட்டு வழியாகத்தான். வெள்ளிக்கிழமை பத்திர ஆபீஸில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தத் தாழ்ந்த நிலம் அவர் கொடுத்ததுதான். அப்பா அவரிடம் முப்பது வருஷம் உழைத்துச் செத்த பிறகு. பாதி வருஷம் சேறு, கோரை. சோளம் போட்டால் அழுகும். கொடுத்த அன்று சொன்னார், "தவளைக்குக் காணியாச்சு." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நர்சிங்கை இரண்டாம் வருஷத்தில் விட்டு நான் வந்தபோது, பால் சொசைட்டி வாசலில், அத்தனை பேர் முன்னால் அவர்: "ஊசி போடப் போன அம்மணி திரும்பி வந்துருச்சா? செரி, நம்ம கட்டுத்தரைல சாணி அள்ளட்டும்."

அவருக்குச் செய்ய வேண்டியவை:
1. மோட்டார் ரூம் பியூஸைப் பிடுங்குவது.
2. சைட் போர்டில் சாணி.
3. குடிதண்ணீரில் பேதி மாத்திரை. (படித்தது வீணாகக் கூடாது.)

அக். 14, செவ்வாய்

மூன்று டிப்பர். பள்ளக்காட்டின் கீழ்க்கோடியில், தண்ணீர் வெளியே போகிற வாயில், இடித்த கட்டட மண்ணைக் கொட்டுகிறார்கள். அவரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கையெழுத்தே ஆகலீங்களே?"

"ஓசிலயே மேடாக்கித் தாரேன் அம்மணி. உங்கொம்மா என்ன, மாட்டேன்னா சொல்லப் போறா?"

மாட்டாள். இதுவரை சொன்னதில்லை.

புகார் கொடுக்க ஊராட்சி ஆபீஸ். கிளார்க் போனை விட்டு நிமிரவில்லை. அவர் தலைக்கு மேலே ஒரு நோட்டீஸ். ஈரநிலம் வைத்திருக்கும் பட்டாதாரர் அதை மீட்டுப் பாதுகாத்தால் வருஷாவருஷம் அரசு ஊக்கத்தொகை. ஆனால் பத்து வருஷத்துக்கு மண் நிரப்பக் கூடாது. கட்டடம் கூடாது. தடம் கூடாது.

தடம் கூடாது!! ஊக்கத்தொகை கிடக்கட்டும்.

விண்ணப்பப் பாரம் வாங்கினேன். நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன். ஒரு மேடம் எடுத்தார். பக்கத்துக் குளத்தைப் பார்க்க வியாழன் வருகிறார்களாம், அப்படியே வந்து பார்க்கிறார்களாம்.

"இப்பத் தண்ணி நிக்குதாம்மா?"

"நிக்குதுங்க மேடம்."

பச்சைப் பொய். வெறும் சேறு.

நேற்றைய லிஸ்ட் அடித்தாச்சு.

அக். 15, புதன்

பகல் முழுக்க மழை. நாலு மணிக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் கொட்டிய மண் வாயை அடைத்துவிட்டது. மேலே இருந்து வந்த தண்ணீர் அத்தனையும் போக வழியில்லாமல் எங்கள் காட்டில். முழங்கால் ஆழம். தனியாக நின்று சிரித்தேன். வயிறு வலித்தது.

அக். 16, வியாழன்

மேடம் வந்தார். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. கோரையைப் பிடுங்கிப் பார்த்தார், போட்டோ எடுத்தார். நாலு நாரை எங்கிருந்தோ வந்து உட்கார்ந்து என் மானத்தைக் காப்பாற்றின.

"கரை யாரு போட்டது?"

"பக்கத்துத் தோட்டத்துக்காரருங்க. ஓசிலயே."

"பரவாயில்லயே, நல்ல மனுசன்."

"ரொம்ப்ப நல்லவருங்க."

கல், பிளாஸ்டிக்கை எடுத்துவிட வேண்டும், சீமைக்கருவேலத்தை வெட்ட வேண்டும் என்றார். பாக்கி, பட்டாதாரர் கையெழுத்து. அதாவது அம்மா.

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேல போயிருமே கண்ணு."

"தவளைக் காணின்னு அவரு சொன்னப்ப நீயும் எதுக்குச் சிரிச்ச?"

பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள். கேட்டிருக்கக் கூடாது. கேட்டது நல்லதுதான். பாரத்தை அவள் வயர் கூடையில் வைத்துவிட்டேன்.

அக். 17, வெள்ளி

பத்திர ஆபீஸ். தீபாவளிக்கு முந்தின கூட்டம். வெளுத்த சட்டையில் அவர். அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் முதல் டீ.

"எங்கெங்க போடோணும்னு ரைட்டரு காட்டுவாரு மாராத்தா. போட்டுட்டு வா, தீவாளிக்கு முன்னால முடிஞ்சுது."

"ஏனுங்க, பேனாவக் கொஞ்சம் குடுங்க."

மூடியைக் கழற்றி அவரே நீட்டினார். அம்மா கூடையிலிருந்து என் பாரத்தை எடுத்து, பெஞ்சில் வைத்து, எழுத்தெழுத்தாக. மா. ரா.

"அதென்ன பேப்பரு?"

"சர்க்காரு பாரமுங்க. பள்ளக்காட்டுல தண்ணி நிக்கோணுமாமுங்க."

"அப்பத் தடம்?"

"தடம் ஆகாதுங்க. நீங்க போட்ட கரை நல்லா நிக்குதுங்க."

பேனாவை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். அவர் முகம்! வரையத் தெரிந்தால் இங்கே வரைந்திருப்பேன்.

"நாளைக்கு வேலைக்கு வந்துராத."

"செரீங்க."

டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மூன்று மணிக்கு ஊராட்சி ஆபீஸில் பாரம் கொடுத்து ரசீது வாங்கியாச்சு.

அக். 18, சனி

வெயில். அம்மா பழக்கத்தில் ஐந்து மணிக்கே எழுந்து, அரிவாளோடு வாசலில் நின்றாள். போக இடமில்லை. "வா" என்று பள்ளக்காட்டுக்குக் கூட்டிப் போனேன். இரண்டு பேரும் கருவேலம் வெட்டினோம். என் கையில் முள், மூன்று இடம்.

பத்து மணிக்குப் புல்லட்டில் அவர். ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இன்னிக்கு யாரு காட்டுல வேல மாராத்தா?"

வேண்டுமென்றேதான் கேட்டார்.

"எங்க காட்டுலீங்க."

அம்மா நிமிராமலே சொன்னாள். அவர் இன்னும் என்னென்னவோ பேசினார். கோர்ட்டு, கலெக்டர். ஸ்டாண்ட் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேருமே சொல்லவில்லை.