ஜன்னலோரப் பெஞ்சு

இதை யாரிடமும் காட்டிவிடாதே, உன் காலில் விழுகிறேன். நீ இப்போது இருக்கும் இடத்தில் காட்டுவதற்கு யார் இருக்கிறார்களோ தெரியாது. ஆனாலும் உன் வாய் எனக்குத் தெரியும். இந்நேரம் அங்கேயும் நாலு சிநேகிதிகளைப் பிடித்திருப்பாய்.

சாமான் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். மண்ணெண்ணெய் கிடைக்காத இந்த யுத்த காலத்தில் விளக்கை எரிக்கிறேன் என்று தெரிந்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள். கூடத்தில் சிதம்பரத்து மாமா படுத்திருக்கிறார். அவர் குறட்டை நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நின்றுவிடுகிறது.

சாயங்காலம் துணி அடுக்குவதற்காகப் பள்ளிக்கூடப் பையைக் காலி செய்யச் சொன்னார்கள். மூலையில் உன் சுட்ட முந்திரிக்கொட்டை ஒன்று, உடைக்காமல் கிடந்தது. எடுத்து முகர்ந்தேன். அதே கருகல் வாசனை. விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அந்த வாசனையோடு யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

மஞ்சக்குப்பத்து ஹைஸ்கூலில் நமக்கு முன் பெண்கள் படித்ததே இல்லை. பெண்கள் பள்ளியில் வகுப்புகள் மூன்றாவது பாரத்தோடு சரி. நாலாவது பாரத்துக்குப் பையன்கள் ஹைஸ்கூலுக்குப் போன முதல் இரண்டு பேர் நாம்தான். அதற்கென்றே ஒரு சட்டம் வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? தேசப்படம் சுருட்டி வைக்கும் அறையில் காத்திருக்க வேண்டும். வாத்தியார் வந்ததும் தலையைக் குனிந்து அவர் பின்னாலேயே வகுப்புக்குள் போக வேண்டும். மணி அடித்ததும் அவர் பின்னாலேயே திரும்ப வேண்டும். முகம் பார்க்காமல் காலைப் பார்த்தே வாத்தியார்களைத் தெரிந்துவைத்திருந்தோம். வெடித்த குதிகால் கணக்கு. கிறீச்சிடும் ஜோடு சரித்திரம்.

அன்றைக்குக் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு ஜோடு போனது. நாமும் போனோம். தாழ்வாரம் முடிந்தது, படி இறங்கியது, இன்னொரு படி ஏறியது. நிமிர்ந்தால் ஹெட்மாஸ்டர் அறை! ஜோடு பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டருடையது.

"என்னம்மா வேணும்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீ ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை.

"சார், எங்க பெஞ்ச கதவுக்குப் பின்னாடி போட்டிருக்காங்க. போர்டே தெரியல. ஜன்னல்கிட்ட போடச் சொல்லுங்க சார்."

"இதுக்கா என் பின்னாடியே வந்தீங்க?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"ஆமாங்க சார். நீங்க இருக்கும்போது கேட்டா ஹெட்மாஸ்டர் முடியாதுன்னு சொல்ல மாட்டாரு."

அன்று சாயங்காலமே பெஞ்சு ஜன்னலோரம் வந்துவிட்டது. பையன்கள், "இன்ஸ்பெக்டரம்மா வராங்க, வழி விடுங்கடா!" என்று கத்தினார்கள். விளையாட்டு மைதானத்தில் குண்டுக்குப் பயந்து வெட்டியிருந்த பதுங்குகுழியைக் காட்டி, "மொதல்ல நீங்க போய் ஒளிஞ்சுக்கங்க" என்றாய் நீ. என் கையில் ஒரு கொட்டையை வைத்து, "வாயத் தொறந்து கேட்டா வாடகையாடி கேக்கப் போறாங்க?" என்றாய்.

மார்கழி தரிசனத்துக்கு இரண்டு வீட்டாரும் சிதம்பரம் போனோமே, அன்றும் நீ சும்மா இருந்தாயா? என்னை அண்ணாமலை நகருக்கு இழுத்துக்கொண்டு போனாய். குடை பிடித்து வந்த காலேஜ் பெண்ணை மறித்து, "அக்கா, இங்க யார் பின்னாடி நடக்கணும்?" என்று கேட்டாய்.

"யார் பின்னாடியும் வேணாம். மணி அடிச்சா ஓடணும், அவ்ளோதான்!"

திரும்பும் ரயிலில் கடலூர் வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

நீ போன பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. தனியாக அந்த ஜோடுகளின் பின்னால் நடக்கக் கால் வரவில்லை. இன்று பள்ளிக்கூடத்துப் பியூன் வீட்டுக்கே வந்துவிட்டார். "பொண்ணு வரலன்னா பெஞ்ச எடுத்துடலாமான்னு ஐயா கேட்டு வரச் சொன்னாருங்க."

அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா, "தாராளமா எடுத்துக்கச் சொல்லு. ஆம்பளப் பசங்க நடுவுல இவ ஒருத்தி என்னா பண்ணப் போறா? காலைல ரயிலுக்கு எங்கூட சிதம்பரம் வரட்டும். அவ அத்தைக்கு ஒத்தாசையா இருப்பா" என்றார்.

"காலைல சொல்றேன் மச்சான்" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது போல இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். பழக்கம்!

பெஞ்சை எடுத்துவிட்டால் அவ்வளவுதான். மூன்றாவது பாரத்துக் குட்டிகள் இரண்டு பேர் என்னைக் கண்டால், "அக்கா, அடுத்த வருஷம் நாங்களும் அங்கதான்" என்று குதிக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே உட்கார இடம் இருக்காது.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொட்டையை உள்ளங்கையில் வைத்து மூடினால் நீ விலாவில் இடிப்பது போலவே இருக்கிறது. ஒரே வரிதான், சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்: அப்பா, பெஞ்சு அங்கேயே இருக்கட்டும், நான் போறேன். காலையில் மாமா எழுவதற்கு முன்னால் சொல்லிவிட

கதவைத் தட்டுகிறார்கள். குறட்டை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அம்மா என்றால் தட்டும்போதே திட்டுவாள், அப்படியானால் அப்பாதான். வாடகை இல்லைடி, வாடகை இல்லை. இதோ, திறக்கிறே