அப்பாவின் முன்பல்

ஜூன் 5, 2011. கடலூர்.
காலையிலயே வெயில். கேஸ் சிலிண்டர் பதியணும், மோட்டாருக்கு வாஷர். முறுக்கு கடிச்சப்ப அப்பாவோட முன்பல் ஃபில்லிங் பாதி உடைஞ்சு வந்துடுச்சு. பல் கலர்லயே வைப்பாங்களே, அது. 2004-ல என் தங்கச்சி கயல், சிதம்பரத்துல பல் டாக்டருக்குப் படிக்கிறப்ப போட்டது. துண்டை உள்ளங்கையில வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தார். பழுப்பேறிப் போயி, ஓரத்துல கருப்புக் கோடு.

இந்த வீட்ல அவ பேரை அப்பா சொல்லி வருஷக்கணக்காச்சு. ஆல்பர்ட்டைக் கட்டிக்கிட்டதுலேர்ந்து. நான் மட்டும் அப்பப்ப ஃபோன்ல.

ஜூன் 7
கரண்ட் கட். புழுக்கம். பஸ் ஸ்டாண்ட் கிட்ட ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.
"யாரு போட்டது? முன்பல்லுல இவ்ளோ நாள் நின்னிருக்கே! நெறைய பேருக்கு இதுக்குள்ள கலர் மாறிப் பேந்துடும். வெத்தல பழக்கம் இல்லையோ?"
 "புதுசு போட்டுடலாம்"னு டாக்டர் சொன்னதும் அப்பா நாற்காலிய விட்டு எறங்கிட்டார். "அப்புறம் வரேன்."

வெத்தல. வாய் செவக்காம அவரைப் பார்த்ததே இல்ல அப்பல்லாம். "கலர் ஏறிடும்பா"ன்னு கயல் ஒரே ஒரு தடவதான் சொன்னா. அன்னியோட விட்டார். அவ போனப்பறம், கோவத்துல ஃபோட்டோவைக்கூட சுவத்துலேர்ந்து எடுத்தார். வெத்தலைய மட்டும் திரும்பத் தொடவே இல்ல. எனக்கு இன்னிக்குத்தான் உறைக்குது.

ஜூன் 8
தூறல். துணி காயல.
மனசு பூரா 2004. பரீட்சைக்குப் பல் அடைச்சுக் காட்ட ஆள் கெடைக்கலன்னு கயல் அழுதா. அப்பா ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு, உடைஞ்ச பல்லோட பஸ் ஏறினார். நானும். வெள்ளை கோட்டுல கயல். கலர் பொருந்துதான்னு ஜன்னல் வெளிச்சத்துல மாதிரிப் பல்லுங்களை ஒண்ணொண்ணா அவர் பல்லு பக்கத்துல வச்சு வச்சுப் பார்த்தா. நீல லைட் அடிச்சு இறுக வச்சா. அவ சார் வந்து குனிஞ்சு பார்த்துட்டு, "எதும்மா ஒட்டுன பல்லு?"ன்னார். மூணு பேரும் இட்லி, கொத்சு. அப்பா ஒரு பக்கமாவே மென்னார். திரும்பி வர்றப்ப புதுச்சத்திரம் தாண்டியும் பஸ் கண்ணாடியில பல்லைப் பார்த்துக்கிட்டே வந்தார்.

ஜூன் 10
பச்சத்தண்ணி பட்டாலே கூசுதாம். தட்டுல பாதி சோறு மீதி.
"வேற டாக்டர் பார்க்கலாமாப்பா?"
பேப்பர்லேர்ந்து தலை நிமிராம, "போட்டவளுக்குத்தான் அது கலர் தெரியும்."
மாடிக்கு ஓடிப்போய் ஃபோன். கயல்கிட்ட அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். அவ, "வெந்நி ஆத்திக் குடுண்ணா. கூசாது."

ஜூன் 12. சிதம்பரம்.
ஞாயிறு. எங்களுக்காக கயலோட க்ளினிக்கைத் தொறந்து வச்சிருந்தாங்க. வாசல்ல ஆல்பர்ட். "வாங்க மாமா. வாங்க மச்சான்." அப்பா தலையாட்டினார். உள்ள போய் அவரா நாற்காலியில சாஞ்சுக்கிட்டார்.
"வாயத் தொறங்கப்பா." கயல் லைட்டை இழுத்து வச்சா.
பழசை எடுத்தா அடியில லேசா சொத்தை. நல்ல வேளை, ஆழம் இல்ல. அப்பா கண்ணோரம் தண்ணி. "வலிக்குதா?" இல்லன்னு கைய ஆட்டினார்.
முடிஞ்சு வாய் கொப்பளிச்சுட்டு, "எத்தன வருஷம் தாங்கும்?"
"சொல்ல முடியாதுப்பா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டினா நல்லது."
கண்ணாடியில பார்த்துக்கிட்டே அப்பா சொன்னார்: "ஆறு மாசம் ஜாஸ்தி. மாசாமாசம் வரேன்."