இடம் பத்தாத வீடியோ

பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். உன் பல்வலி தேவலையா? அம்மா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா?

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. நானும் அறையில் கூட இருக்கிற வெல்டரும் சேர்ந்து வாங்கிய பழைய லேப்டாப்பில், அதை ஓட்டுகிற லினக்ஸ் மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றினோம். பாதியில் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அழிக்கும் முன் கேட்டேன். "உன்னோடதையும் பென்டிரைவ்ல ஏத்திட்டேன்டா, கவலைய விடு" என்றான். இப்போது திறந்து பார்த்தால் அவன் சினிமாக்கள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. பாப்பா முதன்முதலில் "ப்பா" என்று சொன்ன வீடியோ இல்லை.

"இடம் பத்தலைடா. குழந்த பேசுறதுதானே, மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லேன்" என்கிறான். ஒரே சட்டியில் சாப்பிடுகிறவன், நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். இன்றும் அவனுக்குச் சேர்த்துத்தான் சோறு வடித்தேன். சாப்பிடக் கூப்பிடவில்லை.

உன் பழைய போனோடு உன்னிடம் இருந்ததும் போய்விட்டது, தெரியும். இருந்தாலும் ஒருமுறை தேடிப் பார். இங்கே வருகிறவர் யாரிடமாவது எனக்கென்று ஒரு பென்டிரைவ் கொடுத்துவிடு.

பாப்பா இப்போது முழு வாக்கியமாகப் பேசுகிறாளாமே. பழையபடி "ப்பா" என்று சொல்லச் சொல்லிப் பார். வரவில்லை என்றால் வற்புறுத்தாதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

பாப்பா அப்பா