பம்பில் வைத்த பஞ்சு

மே 30, 1994. திங்கள்.

காலை ஒன்பதுக்கே தரை சுடுகிறது. மதுரையிலிருந்து கண்ணாடி வந்து இறங்கியது. ஐந்து பலகை, அரை அங்குல கனம். தூக்க ஆறு பேர், சத்தம் போட ஒருவர் (இவர், என் வீட்டுக்காரர்). டாக்டர் சத்தமே போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். யார் கேட்கிறார்கள்.

முன்கூடத்தில் இருந்த சோபா, டி.வி., ஷோகேஸ் எல்லாம் உள்ளறைக்கு. அந்த இடத்தில் இரும்பு ஸ்டாண்டு, ஆறடி நீளம். அதன்மேல் கடல் வரப்போகிறதாம். பாறை, பவளம், மீன் சகிதம். ராஜபாளையத்தில் குடிதண்ணீர் நாலு நாளைக்கு ஒரு முறை. எங்கள் வீட்டுக்கு மட்டும் கடல்.

கேலி இருக்கட்டும். ஜனவரியில் நெஞ்சுவலி வந்து பேண்டேஜ் கம்பெனியைக் கொழுந்தன் கையில் கொடுத்த பிறகு இந்த மனிதர் நாலு மாதம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் துணி வெளுக்கிற இடத்தில் நின்ற ஆள். சாப்பிடுங்கள் என்றால் சாப்பிடுவார், படுங்கள் என்றால் படுப்பார். அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து பவளப்பாறைத் தொட்டி பற்றிய புத்தகம் அனுப்பினான். அன்றுதான் அவராக எழுந்து, மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டார்.

அதனால் கடல் வரட்டும்.

ஜூன் 4. சனி.

கிணற்றுத் தண்ணீர் விட்டுச் சோதனை. இடது கீழ் மூலையில் கசிவு. அவ்வளவையும் இறைத்துச் செடிக்கு ஊற்றி, மறுபடி ஒட்டல், மறுபடி ஒரு வாரம் காத்திருப்பு. முதுகு போச்சு.

இவர் சொல்லச் சொல்ல எழுதிய பட்டியல்:
டியூப்லைட் ஆறு.
ஏர் பம்பு, ரப்பர் குழாய்.
தண்ணீரில் உப்பு அளக்கிற மிதவை.
கரண்டு போனால்? (அப்புறம் பார்க்கலாமாம்.)
துவரம்பருப்பு, என் பிரஷர் மாத்திரை (இது நானாகச் சேர்த்தது).

பம்பு காற்றை இழுக்கிற வாயில் தூசி போகக்கூடாதாம். கம்பெனிப் பஞ்சை உருண்டையாக உருட்டி அதில் வைத்தார். "ஊர்ப் புண்ணுக்கெல்லாம் வச்ச பஞ்சு, நம்ம மீனுக்கு வைக்கக் கூடாதா?" என்று ஒரு சிரிப்பு. இந்த வருஷத்தில் முதல் சிரிப்பு. குறித்துக்கொள்கிறேன்.

ஜூன் 14. செவ்வாய்.

மலையில் மேகம். இங்கே வெறும் காற்று, கொடியில் துணி நிற்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து லாரி. ஆறு பீப்பாய் கடல் தண்ணீர், ஈரச் சாக்கில் சுற்றிய பாறைகள். கூடவே சூசை. சங்கு குளிக்கிறவர், நாற்பது வயதிருக்கும், கண் எப்போதும் சிவப்பு. ஒவ்வொரு பாறையையும் பிறந்த பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கி வைத்தார். அதன்மேல் பாசி, புழு, பூ மாதிரி ஏதேதோ. எல்லாமே உயிராம்.

"நாம தண்ணியச் சுத்தமா வச்சுக்கிட்டாப் போதும்க்கா. மத்ததெல்லாம் அதுகளே பாத்துக்கிடும்" என்றார்.

மூன்று வாரத்துக்குப் பாறை மட்டும். தண்ணீர் பழகிய பிறகே மீன். இவர் நாற்காலியைத் தொட்டி முன்னால் போட்டுவிட்டார். சுவரைப் பார்த்தவர் இப்போது கல்லைப் பார்க்கிறார். முன்னேற்றம்தான்.

ஜூலை 6. புதன்.

மீன் வந்தாயிற்று. காற்றடைத்த பைகளைச் சூசை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். குறைந்த தண்ணீருக்கு ஈடாக இரண்டு கேன் கடல் தண்ணீரும்.

மஞ்சள் மூன்று. நீலம் இரண்டு. கோடு போட்டது இரண்டு. கடல்தாமரைக்குள் குடியிருக்கிற பட்டை மீன் ஒரு ஜோடி. ஆக ஒன்பது.

கடல்தாமரை பார்க்கத்தான் பூ, உண்மையில் பிராணி. தொட்ட மீனைச் சுட்டுவிடும். இந்த ஜோடியை மட்டும் ஒன்றும் செய்யாதாம். "இதுல பெருசு பொம்பளை. வீட்ட விட்டு நகராது, வர்றவங்களையெல்லாம் வெரட்டும்" என்றார் இவர், மீனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. இருக்கட்டும்.

இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

ஜூலை 7. வியாழன்.

மதியம் இரண்டு மணி நேரம் கரண்டு இல்லை. பம்பு நின்றது. காற்று இல்லாமல் மீன் மூச்சுத் திணறும் என்று இவர் பதற, ஆளுக்கொரு சொம்பு எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் மேலும் கொஞ்சம் ஊற்றினார், வேண்டுமென்றே. இருபத்தெட்டு வருஷத்தில் இந்த மனிதர் என்மேல் தண்ணீர் தெளித்து விளையாடியது இன்றுதான்.

ஜூலை 8. வெள்ளி.

கொழுந்தன் மனைவி வசந்தா, சேத்தூரிலிருந்து அவள் அண்ணன் வீட்டார், எல்லாருமாகப் பதினோரு பேர் தொட்டி பார்க்க வந்தார்கள். இரண்டு முறை காப்பி. "எம்மாடி, எம்புட்டு அழகு!" என்று வசந்தா சொன்னதை எண்ணி மாளவில்லை. போகிறபோது, "அத்தான் மொகமே தெளிஞ்சு போச்சே அக்கா, இனி அவியளுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். இப்படியா வாய்விட்டுச் சொல்வது?

அவர்கள் போனதும் விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டேன். வழக்கத்தைவிட ஒரு பிடி கூடவே. வீடு முழுக்கக் காட்டிவிட்டு, தூபக்காலைத் தொட்டி மூலையில், பம்பு இருக்கிற பக்கம் தரையில் வைத்தேன். அங்கேயே புகைந்து அடங்கட்டும், பட்ட கண்ணெல்லாம் கழியட்டும் என்று. இவருக்கும் மீனுக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

ஜூலை 9. சனி.

எட்டு.

காலையில் பால் வாங்க எழுந்த நான்தான் முதலில் பார்த்தேன். தண்ணீர்மேல் எண்ணெய் போல மெல்லிய படலம். எட்டும் ஒருக்களித்துக் கிடக்கின்றன. கடல்தாமரை சுருங்கிவிட்டது. அதன் அடியில் ஜோடியில் பெரியது மட்டும் செவுளை அடித்துக்கொண்டு.

இவரை எழுப்பவில்லை. என்ன சொல்லி எழுப்ப? அவராக வந்தார். பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார். எனக்கு உயிர் போய் வந்தது. வலி இல்லை, சும்மா வைத்தேன் என்றார்.

காலைப் பலகாரம் வேண்டாம். மதியச் சாப்பாடு வேண்டாம். நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்.

ஜூலை 11. திங்கள்.

படலத்தைக் காகிதத்தில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எண்ணெய். சூசை கடைசியாகக் கொண்டுவந்த இரண்டு கேனும் துறைமுகத்துப் பக்கம் அள்ளியதாம், கப்பல் எண்ணெய் கலந்ததாம். தீர்ப்பு சொல்லியாயிற்று.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். சூசை வீட்டுக்குப் பக்கத்துக் கடை நம்பர். ஆளைக் கூப்பிட்டுவர ஐந்து நிமிஷம். பிறகு இவர் கத்தினார்: "ஏலே, உன்ன நம்பித்தானல வாங்குனேன்? எண்ணெத் தண்ணியக் கொண்டாந்து எட்டு உசுரக் கொன்னுட்டியேல!"

சூசையை இவர் இதுவரை ஏலே என்று சொன்னதில்லை. வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை. எனக்கும் சூசைமேல் கோபம்தான்.

ஜூலை 12. செவ்வாய்.

கூடம் பெருக்கும்போது பம்பைத் தூக்கினேன். பஞ்சு கண்ணில் பட்டது.

வெள்ளையாக வைத்தது. இப்போது பழுப்பு. தொட்டால் பிசுபிசுப்பு. முகர்ந்தேன். சாம்பிராணி.

பம்பு பக்கத்துக் காற்றை இழுக்கிறது, தண்ணீருக்குள் விடுகிறது. வெள்ளிக்கிழமை அது இழுத்ததெல்லாம் என் புகை. தண்ணீரில் மிதந்த படலமும் அதுதான். தூபக்காலை அங்கே வைத்தவள் நான். ஒரு பிடி கூடப் போட்டவளும் நான்.

இவர் குளித்துக்கொண்டிருந்தார். புதுப் பஞ்சு உருட்டி வைத்தேன். பழையதைக் காகிதத்தில் மடித்து பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில். எறிய மனம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் சொல்லிவிடலாம்.

சாயங்காலம் சொல்லவில்லை.

ஜூலை 14. வியாழன்.

சூசை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கையில் பாட்டில் நிறையக் கடல் தண்ணீர்.

"அண்ணாச்சி, அதே எடம், அதே தண்ணி. வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. ஒரு பொட்டு எண்ணெ இருந்தா, மாதா மேல சத்தியமா இந்தத் தொழிலையே விட்டுருதேன்."

இவர் பாட்டிலைக் கையில் வாங்கவில்லை. "பாட்டில்ல நல்ல தண்ணி கொண்டாரத் தெரியாதாக்கும்?"

காப்பி கொண்டுபோனேன். சூசை என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கக்கா. நான் அப்படிச் செய்யக்கூடிய ஆளா?"

தம்ளரை நீட்டியபடி நின்றேன். சொன்னால் இவர் முகம் எப்படிப் போகும் என்பது மட்டும் தெரிந்தது. காப்பி ஆறுது என்றேன். சூசை காப்பியைத் தொடவில்லை. பாட்டிலை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் கெட்டவள் இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜூலை 22. ஆடி முதல் வெள்ளி.

சாரல் இங்கேயும் எட்டிப் பார்த்தது. விளக்கு மட்டும் ஏற்றினேன்.

"ஆடி வெள்ளியும் அதுவுமா, சாம்பிராணி போடலயா?" என்றார் இவர், சுவரைப் பார்த்தபடியே.

"பொக ஒத்துக்கல. இருமல் வருது" என்றேன். இரண்டு தடவை இருமியும் காட்டினேன். நல்ல நடிப்பு.

டாக்டர் போன வாரம் சொன்னது: மனசு வருந்துகிற மாதிரி எதுவும் சொல்ல வேண்டாம். வசதியாகப் போயிற்று எனக்கு. டாக்டர் சீட்டு கொடுத்த பொய்.

கடல்தாமரை கொஞ்சம் விரிந்திருக்கிறது. பெரிய மீன் ஒற்றையாக அதன் வாசலில்.

ஆகஸ்ட் 3. புதன்.

யாரும் கேட்காமலே லாரி. நாலு பீப்பாய் தண்ணீர், ஏழு பையில் ஏழு மீன். சூசை வரவில்லை. டிரைவர் ஒரு சீட்டு கொடுத்தார்.

"அண்ணாச்சிக்கு. இது ரொம்பத் தள்ளிப் போய் ஆழத்தில் எடுத்த தண்ணீர். மனசு சங்கடப்படாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். சூசை."

இவர் இரண்டு முறை படித்தார். "பாத்தியா சரசு? தப்புன்னு ஒத்துக்கிட்டான்."

அடுப்பை அணைக்கிறேன் என்று சமையல்கட்டுக்குப் போனேன். அடுப்பு எரியவே இல்லை.

ஆகஸ்ட் 8. திங்கள்.

ஏழும் நன்றாக இருக்கின்றன. பெரியதற்குப் புது ஜோடி சேர்ந்துவிட்டது. நாற்காலி மறுபடி தொட்டி முன்னால். இவர் காலையில் கம்பெனி வரை நடந்து போய்விட்டு வந்தார். பாடிக்கொண்டே சவரம்.

சாப்பிடும்போது சொன்னார்: "மதுரையில வளப்பு மீன் கடை வச்சிருக்கவருக்குக் கடுதாசி போட்டுட்டேன். சூசை கிட்ட எதுவும் வாங்காதீங்கன்னு. நாலு பேரு ஏமாறக் கூடாதுல்ல?"

சூசையால் மழைக்காலத்தில் சங்குக்குப் போக முடியாது, அப்போது இந்த மாதிரி மீன் பிடித்து மதுரைக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் அடுப்பு எரிகிறது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்போது அதிலும் மண். இவர் சிரிக்கிறார், அங்கே ஒரு குடும்பம் முழிக்கிறது, நடுவில் நான் வாயில் கொழுக்கட்டையோடு.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளிடம் சொல்லிவிட்டு, வந்ததும் இவரிடம் சொல்லிவிடுவது. முடிவு. இது மூன்றாவது முடிவு.

ஆகஸ்ட் 12. ஆடி வெள்ளி.

கை இன்னும் உப்பு. எழுத்து கோணல்.

ஸ்ரீவி.யில் நல்ல கூட்டம். ஆண்டாளிடம் சொல்வது சுலபமாக இருந்தது, அவள் திருப்பிக் கேட்பதில்லை. பால்கோவா வாங்கவில்லை, இவருக்கு ஆகாது. திரும்பும்போது பஸ் பஞ்சர். முக்கால் மணி நேரம் ரோட்டோரம். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். வீடு சேரும்போது விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது.

வாசலிலேயே வாசனை.

கூடம் முழுக்கப் புகை. இவர் தொட்டி முன்னால் நிற்கிறார், இடுப்பில் துண்டு, கையில் தூபக்கால். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஒனக்கு இருமல்னு சொன்னியே, அதான் நீ இல்லாத நேரமாப் பாத்துப் போட்டேன். ஆடி வெள்ளிய சும்மா விடலாமா? மீனுக்கும் நல்லாக் காட்டிட்டேன்."

பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஒயரைப் பிடுங்கினேன். தூபக்காலைப் பறித்து முற்றத்தில் எறிந்தேன், கங்கு சிதறியது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். "என்ன சரசு, என்ன ஆச்சு?" என்று பின்னாலேயே வந்தார். பீரோவைத் திறந்து, பட்டுக்கு அடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். சொன்னேன். நாலு விதத்தில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. வசந்தா வந்தது, ஒரு பிடி கூடப் போட்டது, பஞ்சைப் பார்த்தது, இருமியது, எல்லாம் முன்னுக்குப் பின்னாக.

அவர் பஞ்சைப் பிரித்தார். முகர்ந்தார்.

பம்பை இனி ஓட்ட முடியாது, புகை போகிறவரை. சொம்பை எடுத்து மொண்டு ஊற்ற ஆரம்பித்தேன். கொஞ்சம் கழித்து அவரும் ஒரு சொம்பு எடுத்துவந்து எதிர்ப்பக்கம் நின்றார். மொண்டு ஊற்றினோம். பட்டை மீன் ஜோடி கடல்தாமரைக்குள் ஒடுங்கிவிட்டது. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் மீனைப் பார்க்கவில்லை, அவர் நெஞ்சைப் பார்த்தேன். கை அங்கே போகவில்லை.

தோள் கடுக்க ஆரம்பித்தது. பிறகு, ஊற்றுவதை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப சூசை?"