பட்டாளத்தம்மாவுக்கு ஒரு கட்டில்

மார்ச் 3, செவ்வாய்

பழைய இரும்புக் கடைக்காரர் போன் செய்தார். ஆறு கட்டில் வந்திருக்கிறதாம். "எல்லாம் பட்டாளத்துச் சரக்குண்ணே, கண்ணை மூடிட்டு எடுக்கலாம்."

கண்ணைத் திறந்துகொண்டே போனேன். நான்கு, ஆஸ்பத்திரிக் கட்டில்கள். காலில் சக்கரம் மாட்டிய துளை இருக்கிறது. பச்சை பெயின்ட்டுக்குக் கீழே வெள்ளை. ஐந்தாவது ஏதோ விடுதியுடையது, வெல்டிங் புதுசு. ஆறாவதுதான் அசல். நகத்தால் சுரண்டினேன்: பச்சை, கீழே சாம்பல், அதற்கும் கீழே மறுபடி பச்சை. நான்கு கால்களின் மேல்முனையும் மூடியில்லாத குழாய். மேலே இன்னொரு கட்டிலைச் செருகத்தான் அப்படி. குறுக்குச் சட்டத்தில் அடித்துப் பதித்த நம்பர்.

அதை மட்டும் எடுத்து வந்தேன். பழைய சாமானைச் செப்பனிட்டு விற்பதுதான் என் தொழில், ஆனால் இது விற்பதற்கு இல்லை.

மார்ச் 4, புதன்

ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

என் மனைவி, இவள், ஓய்வு பெற்று வந்து ஐந்து வாரம் ஆகிறது. இருபது வருஷம் துணை ராணுவத்தில், வயர்லெஸ் பிரிவு. வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. மகளை வளர்த்து, படிக்க வைத்து, வேலைக்கு வெளியூர் அனுப்பியது வரை வீடு என் பொறுப்பு. தெருவில் இவள் பட்டாளத்தம்மா. நான் பட்டாளத்தம்மா வீட்டுக்காரர். எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் வந்த நாளிலிருந்து இவள் கட்டிலில் படுக்கவில்லை. ஹாலில், தரையில், ஒரு போர்வை. காலையில் நான் எழும்போது அது செங்கல் மாதிரி மடிந்து மூலையில் இருக்கும். கேட்டால், "மெத்தை பழகலைங்க."

மெத்தைதானா? இல்லை, நானா?

பழகிய கட்டிலையே கொண்டுவந்து கொடுத்தால் என்ன?

மார்ச் 8, ஞாயிறு

முழு நாளும் பட்டறையில். மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள். மூட்டுகளில் துரு பிடிவாதம் பிடித்தது. நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் உப்புத்தாள் படவில்லை, துணியால் துடைத்தேன். படுக்கிற கம்பி வலையில் இரண்டு ஸ்பிரிங் இல்லை. கடைக்காரரிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கழற்றித் தரச் சொன்னேன், அளவு பொருந்தியது.

மகள் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மாகிட்ட கேட்டியாப்பா?"

"கேட்டுட்டு செஞ்சா அதுக்குப் பேர் சர்ப்ரைஸா?"

"சரிப்பா" என்றாள். அந்த 'சரிப்பா' எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 11, புதன்

இவள் டம்ளரை எடுக்கும் முன் "இதை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். தன் வீட்டில்.

மார்ச் 14, சனி

துருப்பிடிக்காமலிருக்க அடித்த ரெட் ஆக்ஸைடு காய்ந்துவிட்டது. பச்சை முதல் கோட் அடித்தேன். நாற்பது வயது குறைந்த மாதிரி நிற்கிறது. கட்டிலைச் சொல்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

இவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கட்டிலைக் கொண்டுவந்து அறையில் ஜன்னலோரம் போட்டேன். மெல்லிய விரிப்பு. தலைமாட்டில் ஒரு தலையணை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி வாசலில் காத்திருந்தேன்.

வந்தாள். பார்த்தாள். பை கையிலேயே இருந்தது. குனிந்து வலையைத் தொட்டாள், நம்பரைத் தடவினாள்.

"எங்க கிடைச்சுது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று அடுக்கு பெயின்ட், ஸ்பிரிங், எல்லாம். வாய் ஓயாமல்.

"இதைப் பார்த்துட்டேதான் இருபது வருஷம் படுத்திருந்தேன். நான் கீழ்க்கட்டில். கண்ணு முழிச்சா மேல் கட்டிலோட வலை. பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்குன்னு நீங்க எழுதினப்போ இந்தக் கண்ணியெல்லாம் எண்ணிட்டே கிடந்தேன். எப்போடா இதை விட்டு எந்திரிச்சு வீட்டுக்குப் போவோம்னு." குரல் உடைந்தது. "அதையா தூக்கிட்டு வந்து நம்ம ரூம்ல போடுவீங்க?"

பையை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

நான் என்ன தப்பு பண்ணேன்? நல்லதுக்குத்தானே செஞ்சேன்! பதினாறு நாள். கையெல்லாம் கொப்புளம். ஒரு வார்த்தை— ஒரே ஒரு வார்த்தை நல்லதா சொல்லக் கூடாதா?

மார்ச் 20, வெள்ளி

கட்டிலைப் பட்டறைக்கே திருப்பி எடுத்துப் போனேன். மறுமுனையை அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

இறக்கி வைத்ததும் அதன் மேலேயே உட்கார்ந்தாள். "நேத்து ரொம்பப் பேசிட்டேன்."

"அப்போ ஏன் தரையில படுக்கிறே?"

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்த ரூம்ல எல்லாம் உங்களுது. எதைத் தொட்டாலும் 'அது அங்கேயே இருக்கட்டும்'னு சொல்றீங்க. விளக்குமாறு வைக்கிற இடம்கூட மாறக் கூடாது. எனக்கு ஹால்ல ஒரு மூலைதான் யாரும் ஒண்ணும் சொல்லாத இடமா இருந்துச்சு." பிறகு சிரித்தாள், அழுகிற மாதிரி. "நான் பட்டாளத்துல இருந்தேன்னு ஊரே சொல்லுது. வீட்டுக்குள்ள பட்டாளம் நடத்துறது நீங்கதான்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

நான் அப்படியா சொல்கிறேன்? ஆமாம். நேற்று காலையில் மட்டும் மூன்று தடவை சொல்லியிருப்பேன். தனி ஆளாய்க் குழந்தையை வைத்துக்கொண்டு ஓடிய வீடு. ஒரு சாமான் இடம் மாறினால் பள்ளிக்கூட வேன் போய்விடும். மகள் போய் எத்தனை காலம் ஆகிறது, நான் இன்னும் அந்த வேனுக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

அறை அலமாரியைக் காலி செய்தேன். முழுக்க. "பாதி போதும், உங்க சட்டையை என்ன தெருவுலயா மாட்டுவீங்க?" என்றாள்.

சாயங்காலம் அறையிலிருக்கும் எங்கள் பழைய கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தச் சொன்னாள். அது அங்கேயே இருக்கட்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். நகர்த்தினோம்.

மார்ச் 23, திங்கள்

ஹாலில் போர்வை இல்லை.

ஏப்ரல் 4, சனி

பட்டறைக்கு வந்தாள், தானாக. கட்டிலைச் சுற்றி ஒரு சுற்று.

"பட்டாளத்துக் கட்டில்தான். ஆனா நீங்க அடிச்ச பச்சை தப்பு."

"என்ன தப்பு?"

"இது கிளிப்பச்சை. எங்களுது நனைஞ்ச பாசி மாதிரி இருக்கும்."

டப்பா டப்பாவாகக் கலக்கிப் பார்த்தோம். கறுப்பு ஒரு கரண்டி, மஞ்சள் அரைக் கரண்டி. ஆறாவது கலவையில் "இதுதான்" என்றாள். பிறகு பிரஷ்ஷை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மூலையில் கிடந்த இரும்பு லாக்கரைப் பார்த்து, அதைச் சிப்பாய் லாக்கர் என்று நான் சீட்டு ஒட்டி வைத்திருந்ததைப் படித்துவிட்டு, "எங்க லாக்கருக்கு அடியிலயும் காத்துத் துளை இருக்கும், பூட்ஸ் நாறாம இருக்க. இதுல இல்ல, இது பேங்க்ல இருந்து வந்தது" என்றாள். முப்பது வருஷத் தொழில்காரன் சீட்டைக் கிழித்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

கட்டில் ஒரு நாடகக் குழுவுக்குப் போனது. ராணுவ முகாமில் நடக்கும் கதையாம். வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வருத்தமா?"

"இல்ல. அது போகுது, நான் போகலை. அதைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

மே 10, ஞாயிறு

காலையில் டீத்தூள் டப்பாவைக் காணோம். சமையலறை மொத்தமும் மாறியிருக்கிறது. நேற்று நான் பட்டறையில் இருந்தபோது செய்திருக்கிறாள். சர்க்கரை இருந்த இடத்தில் தட்டுகள், தட்டுகள் இருந்த இடத்தில் ஏதோ பாட்டில்கள்.

"டீத்தூளை எங்க வச்சே?" என்று சத்தம் போட்டேன்.

அறைக்குள்ளிருந்து, போர்வைக்கு உள்ளிருந்து, பாதித் தூக்கத்தில் குரல் வந்தது: "தேடுங்க."

தேடிக்கொண்டிருக்கிறேன்.