நாலு எலுமிச்சம்பழமும் ஒரு கட்டையும்

கொட்டகலை
பங்குனி 3

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகனும் பேத்தி தனுஷிகாவும் டோஹா வெயிலில் வாடாமல் இருக்கிறீர்களா? போன தடவை நீங்கள் வந்தபோது மழையில் பிரேக் பிடிக்காமல் கார் தேயிலைச் செடிக்குள் போய் நின்றதும், இனி புள்ளைய இந்தக் கார்ல ஏத்த மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டுப் போனாயே, அது அப்பாவைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது, மனிதர் வெளியே காட்டவில்லை. போன கிழமை யாரும் சொல்லாமலே மொரிஸ் மைனரைக் கொண்டுபோய் லாபிர் நானாவின் கராஜில் விட்டுவிட்டார். முன்சக்கரம் இரண்டிலும் பழைய டிரம்மைக் கழற்றி டிஸ்க் பிரேக் போட்டாயிற்று, ஹேண்ட் பிரேக்குக்கும் புதுக் கேபிள். இனி வளைவுக்கு வளைவு மூன்று தரம் மிதிக்க வேண்டாமாம்.

பிறகு நடந்ததைக் கேள், சிரிக்காதே. வெள்ளிக்கிழமை பூசை போட முனியாண்டி கோயில் இறக்கத்தில் காரை நிறுத்தினார். நான் இறங்கி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, காரை எடுத்தால் அசையவில்லை. உறுமி உறுமி நின்றுவிட்டது, ஒரு பழம்கூட நசுங்கவில்லை. அப்பா இறங்கிப் புது டிஸ்க்கைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் கறுத்துப்போய், சாமிக்கே புடிக்கல, பழைய டிரம்மையே போடச் சொல்றேன் என்று நானாவுக்குப் போன் போட்டார். இனி நீ வரமாட்டாய் என்றே நினைத்துவிட்டேன். நானா வந்து குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பின்சக்கரத்துக்கு முன்னால், கார் உருளாமல் இருக்க வைக்கும் நம் கட்டை! கார் நின்றதும் குதித்து இறங்கி முப்பது வருசமாகக் கட்டை வைத்த கை, பழத்தோடு அதையும் வைத்திருக்கிறது. நானா அப்பாவுக்குத் தெரியாமல் அதைக் காலால் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளிவிட்டு, இப்ப எடுங்கண்ணே பாப்போம் என்றார். நாலு பழமும் நசுங்கின. நானாவின் கைராசி என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், நீயும் காட்டிக்கொடுத்துவிடாதே.

நேற்று அந்த வளைவில் மழையோடு இறங்கினோம். ஒரே மிதி, நின்றது.

சித்திரைக்குக் கட்டாயம் வாருங்கள், பிள்ளைக்கு ஸ்வெட்டரை மறக்காதே. மூவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டும். இத்தனை நாள் அந்தக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனவளுக்கு மடி காலியாக இருக்கிறது. பேத்தியைக் கொண்டுவந்து உட்கார வை.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா ஜீவராணி